நல்ல சேனலைக் கேளுங்கள்: பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கேள்வி – பதில்

பழைய ஸ்டீரியோ செட்டைத் தாங்களே பழுது பார்க்க நினைக்கும் நெல்லை வட்டார வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். கீழே உள்ள வேலைகளுக்கு அடிப்படையாக ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஒரு பழைய பெயின்ட் பிரஷ், 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும்.

கேள்வி: அண்ணாச்சி, டவுனில் பழைய சாமான் கடையில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறேன். முன்னால் அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் மரப் பலகை. "ரொம்ப நாளா கெடக்கு, ஓடுமான்னு தெரியாது" என்றுதான் கடைக்காரர் கொடுத்தார். பிளக்கைச் சொருகிப் பார்த்துவிடலாமா? – பாளையங்கோட்டை வாசகர்

வேண்டாம். பல வருடம் கரண்டே பார்க்காத செட்டில் முதலில் கெடுவது பவர் சப்ளையில் நிற்கும் பெரிய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள். உள்ளே அலுமினியத் தாளின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் அவற்றுக்கு இன்சுலேஷன். சும்மா கிடந்தால் அந்தப் படலம் மெலிந்துபோகும். திடுமென முழு வோல்டேஜ் ஏறினால் உள்ளே கரண்ட் கசிந்து, சூடேறி, சில சமயம் வெடிக்கும். ஏற்கெனவே ஷாட் (ஷார்ட் சர்க்யூட்) ஆன டிரான்சிஸ்டர் இருந்தால் அது பக்கத்தில் உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். நம் பக்கத்துப் பரண்களில் கிடந்த செட் என்றால் குளவிக் கூடும் எலிப் புழுக்கையும் சாதாரணம். எலி மூத்திரம் பட்ட இடத்தில் செம்புப் பாதை பச்சை பூத்திருக்கும், அதைக் குறித்து வையுங்கள். பிரஷால் தூசியைத் தட்டுங்கள். தலை உப்பிய கண்டென்சர், கருகிய ரெசிஸ்டர், அறுந்த வயர் எதுவானாலும் கை வைக்கும் முன் போட்டோ எடுங்கள். பியூஸை வெளியே எடுத்து, செட்டின் பின்புறம் எழுதியிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். பியூஸின் இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால், எங்கோ ஒரு ஷாட் காத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, பிளக் வெளியே இருக்கும்போதே பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். சாதாரண வீட்டு ஆம்ப்ளிஃபயரில் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பியூஸ், சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி ஆகிய மூன்றில் ஒன்று அறுந்திருக்கிறது. பிறகு ஒரு பின்னுக்கும் செட்டின் உலோக உடம்புக்கும் இடையே மெகா ஓம் ரேஞ்சில் பாருங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உடம்பில் ஷாக் அடிக்கும், அதைச் சரி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் கரண்ட், அதுவும் சீரிஸ் பல்பு வழியாக. கொடை விழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்களிடம் கேட்டால் பலகையோடு காட்டுவார்கள். ஒரு மரப் பலகையில் சுவிட்ச், பல்பு ஹோல்டர், மூன்று பின் சாக்கெட். ஃபேஸ் வயர் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பல்பு வழியாக சாக்கெட்டுக்கு வரும். நியூட்ரலும் எர்த்தும் நேராக வரும். பல்பு பழைய இழை பல்பாகத்தான் இருக்க வேண்டும், எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு 0.26 ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால், உள்ளே நேரடி ஷாட்டே இருந்தாலும் பல்பு பிரகாசமாக எரிவதோடு சரி, செட் புகையாது. பெரிய செட்டுக்கு 100 வாட் போடலாம்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைக் குறைத்து ஆன் பண்ணுங்கள். பல்பு ஒரு விநாடி பளிச்சென்று எரிந்து மங்கினால், கண்டென்சர் சார்ஜ் ஏறி செட் அமைதியாகிவிட்டது என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள், அடுத்த கேள்விகளில் வழி இருக்கிறது. மங்கினால் கால் மணி நேரம் அப்படியே விட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி வோல்டேஜ் அளங்கள். இரண்டு சேனலிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 20, 30 வோல்ட் என்று வந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும். அதில் ஸ்பீக்கரைச் சொருகினால் வாய்ஸ் காயில் கருகும்.

ஸ்பீக்கர் ரிலே (ஆன் பண்ணிச் சில விநாடி கழித்து ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) உள்ள செட்டில், பல்பு வழியாக ஓடும்போது வோல்டேஜ் போதாமல் ரிலே இழுக்காமலே போகலாம். அப்போது டெர்மினலில் வரும் பூஜ்யத்தை நம்பாதீர்கள், ரிலேக்கு முந்தைய புள்ளியில் அளங்கள்.

பல்பு மங்கலாக எரிகிறதே என்று உள்ளே கை வைத்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் இன்சுலேட்டட் வயர் பற்றவைத்து, கண்டென்சரின் ப்ளஸ் மைனஸ் மேல் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் என்றால் அரை நிமிடம் பிடித்தால் இறங்கிவிடும். மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை. ஸ்க்ரூடிரைவரால் ஷாட் பண்ணிப் பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

கேள்வி: வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் அப்படியே இருக்கிறது. இங்கே நேராகப் போடலாமா? – கடையநல்லூர் வாசகர்

பின்பக்கத்தைப் பார்க்காமல் போடாதீர்கள். சவூதியில் வெகுகாலம் வீட்டு இணைப்பு 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். துபாய், குவைத் செட்டுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது, சவூதி செட்டுக்கு வரும். பின்னால் 110, 127, 220, 240 என்று எழுதிய வோல்டேஜ் செலக்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 240க்குத் திருப்புங்கள். 220 மட்டும்தான் இருந்தால் அதிலேயே ஓடும், கொஞ்சம் சூடு கூடும். செலக்டரைத் திருப்பியதோடு பியூஸையும் மாற்ற வேண்டும். 120 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் போட்டிருந்தால் 240க்கு 2 ஆம்பியர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

செலக்டரே இல்லாமல் 100 அல்லது 120 மட்டும் அச்சிட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். செட் 150 வாட் இழுக்கும் என்று தகட்டில் இருந்தால் 300 விஏ வாங்குங்கள். 230ல் ஒருமுறை நேராகச் சொருகினாலே பிரைமரி சுருள் கருகிவிடக்கூடும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கிடைப்பது கடினம்.

கேள்வி: இடது பக்கம் சத்தமே இல்லை, வலது பக்கம் அருமையாகப் பாடுகிறது. காட்டின இடத்தில் "போர்டையே மாத்திரணும்" என்கிறார்கள். நானே கண்டுபிடிக்க முடியுமா அண்ணாச்சி? – அம்பாசமுத்திரம் வாசகர்

முடியும். உங்கள் செட்டுக்கு சர்க்யூட் படம் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஸ்டீரியோ என்றால் ஒரே சர்க்யூட் இரண்டு முறை கட்டியிருக்கிறது. பாடிக்கொண்டிருக்கும் வலது பக்கம்தான் உங்கள் படம். அங்கே ஒரு புள்ளியில் என்ன வோல்டேஜோ, இங்கேயும் அதே புள்ளியில் அதுவே இருக்க வேண்டும். எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கே பழுது.

மூடியைத் திறக்கும் முன் வெளியே உள்ளதை முடியுங்கள். பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா, டேப் மானிட்டர் பட்டன் அழுந்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் கூடவே இடம் மாறினால் ஸ்பீக்கர்தான் கெட்டது. மாறாவிட்டால் பின்னால் வரும் சிக்னல் வயர்களை மாற்றுங்கள். அப்போது ஊமைப் பக்கம் மாறினால் பழுது வயரில் அல்லது பாட்டு வரும் இடத்தில். இரண்டுக்கும் மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்குள்.

உள்ளே, சார்ஜ் இறக்கிய பிறகு, ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) இருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள். பழைய செட்டில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் உலோகத் தொப்பி வகை அதிகம், 2என்3055 அதில் பிரபலம். தொப்பி முழுவதுமே கலெக்டர், அடியில் நீட்டியிருக்கும் இரண்டு கால்கள் பேஸும் எமிட்டரும். என்பிஎன் என்றால் சிவப்பு முள்ளை பேஸில் வைத்து, கறுப்பை எமிட்டரிலும் கலெக்டரிலும் தொட்டால் 0.5 முதல் 0.7 வரை காட்டும். முள்ளைத் திருப்பினால் காட்டக் கூடாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எந்தப் பக்கம் வைத்தாலும் காட்டக் கூடாது. அங்கே பூஜ்யம் வந்து மீட்டர் கத்தினால் ஷாட். போர்டில் இருக்கும்போது மற்ற பாகங்கள் அளவைக் கலைக்கும் என்பதால், வலது பக்கத்து அளவோடு ஒப்பிட்டு, சந்தேகமானதைக் கழற்றி மறுபடி பாருங்கள்.

ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷாட் ஆனால் தனியாகப் போகாது. அதன் எமிட்டரில் இருக்கும் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர், 0.22 முதல் 0.47 ஓம், அறுந்திருக்கும். முந்தைய நிலையில் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும், பேஸுக்குப் போகும் சின்ன ரெசிஸ்டர்களும் சேர்ந்து போயிருக்கும். அவுட்புட்டை மட்டும் மாற்றி ஆன் பண்ணினால் புதியது ஒரு நொடியில் போகும். "எத்தனை போட்டாலும் நிக்கல" என்று செட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். டிரைவரையும் ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அந்தச் சேனலின் அவுட்புட் ஜோடி இரண்டையும் மாற்றுங்கள். மிக மலிவாக வரும் டிரான்சிஸ்டர்களில் போலி நிறைய, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

மாட்டும்போது மைக்காவை மறக்காதீர்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே கண்ணாடி போல மெல்லிய மைக்காத் தகடு இருக்கும். அது கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை ஹீட் சிங்க் பேஸ்டை நகத்தால் வழித்தது போல மெல்லிசாகத் தடவினால் போதும், அப்பினால் சூடு கடத்தாது. ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் புஷ்ஷும் முக்கியம். இறுக்கிய பிறகு தொப்பிக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே ஓம் பாருங்கள். எதுவும் காட்டாவிட்டால்தான் மேலே போகலாம்.

பயாஸ் ட்ரிம்மரை (பாட்டு இல்லாதபோது அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டை அளவாக வைக்கும் சின்னத் திருகை), கரண்ட் குறையும் பக்கத்துக்குத் திருப்பி வைத்து, சீரிஸ் பல்பில் ஆன் பண்ணுங்கள். பல்பு மங்கி, ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேர் கரண்ட். அப்போது எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளங்கள். வலது பக்கத்தில் 0.47 ஓம் மேல் 9 மில்லிவோல்ட் என்றால் சுமார் 19 மில்லிஆம்பியர் ஓடுகிறது. இடது பக்கத்தையும் அதே 9க்குக் கொண்டுவாருங்கள். ட்ரிம்மரை மயிரிழையாகத் திருப்புங்கள். 20 நிமிடம் ஓடிச் சூடான பிறகு மறுபடி பார்த்துச் சரி செய்ய வேண்டும். ட்ரிம்மர் துருப்பிடித்திருந்தால் அதே மதிப்பில் புதிது போட்டுவிடுங்கள். பல டிசைன்களில் ட்ரிம்மரின் நடுக்கால் தொடர்பு விட்டால் பயாஸ் எகிறி, நீங்கள் போட்ட புது டிரான்சிஸ்டரே வெந்துபோகும்.

கேள்வி: வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகும் என்கிறார்களே? – மேலப்பாளையம் வாசகர்

எண்ணெய் விட்டால் இரண்டு நாள் அமைதியாகும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னைவிடக் கரகரக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள். செட் அணைந்து, சார்ஜ் இறங்கிய பிறகு, வால்யூம் கண்ட்ரோலின் மூன்று கால்கள் வெளியே வரும் இடத்தில் சிறு இடைவெளி இருக்கும். அதில் மெல்லிய குழாயை வைத்து ஒரு சொட்டு அழுத்தம் கொடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 30, 40 முறை திருப்புங்கள். அரை மணி நேரம் உலரட்டும். பாஸ், ட்ரெபிள், செலக்டர் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இதே முறை.

அப்படியும் கரகரத்தால் வால்யூமின் மேல் குற்றமில்லை. முந்தைய நிலையிலிருந்து டிசி கசிந்து வருகிறது. வால்யூமின் நடுக்காலுக்கும் எர்த்துக்கும் இடையே டிசி அளந்து பாருங்கள், சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் அதற்கு முன்னால் உள்ள, சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கும் சின்ன கப்ளிங் கண்டென்சரை, பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோஃபாரட், மாற்றுங்கள்.

கேள்வி: பாட்டோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்துகொண்டே இருக்கிறது. – சங்கரன்கோவில் வாசகர்

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். இரைச்சல் குறையாமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ் டயோடு அதை 100 ஆக்கும், அதை வடிகட்டுவது பெரிய கண்டென்சர். வடிகட்ட முடியாதபோது அந்த 100 ஹெர்ட்ஸ்தான் காதில் விழுகிறது. ப்ளஸ் பக்கத்துக் கண்டென்சரிலும் மைனஸ் பக்கத்துக் கண்டென்சரிலும் டிசி வோல்டேஜை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அதில் பழுது. மாற்றும்போது இரண்டையும் மாற்றுங்கள்.

வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறினால், அது சிக்னல் வயரின் ஷீல்டு அறுந்ததால் வருவது. எல்லா சிக்னல் வயரையும் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். வால்யூம் தண்டைத் தொட்டவுடன் இரைச்சல் மாறினால், அந்தக் கண்ட்ரோலின் உலோகக் கூட்டிலிருந்து போகும் எர்த் வயர் விட்டிருக்கும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது மாறினால் செட்டில் குறையில்லை.

கேள்வி: பழைய செட் என்றால் கண்டென்சர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடச் சொல்கிறார் நண்பர். 40க்கு மேல் இருக்கிறது. – தென்காசி வாசகர்

ஓடுகிற செட்டில் இந்த வேலை வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர் ஒரே இரவில் 40 கண்டென்சரை மாற்றி, காலையில் செட் ஊமையானால், 80 கால்களில் எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பவர் சப்ளை, ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு சேனல், ஓட்டிப் பாருங்கள். பிறகுதான் அடுத்தது. ஒரு சேனல் எப்போதும் கை படாமல் இருந்தால் ஒப்பிட ஒன்று மிஞ்சும்.

வோல்ட் எண் பழையதற்குச் சமம் அல்லது கூட, குறையவே கூடாது. மைக்ரோஃபாரட் அதேதான், பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டென்சரில் மட்டும் 20 சதவீதம் கூடினால் பரவாயில்லை. 4,700 இருந்த இடத்தில் 22,000 போட்டால் ஆன் பண்ணும் நொடியில் பிரிட்ஜ் டயோடும் பியூஸும் தாங்காது. 105 டிகிரி வகை வாங்குங்கள். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ், திருப்பிப் போட்டால் வெடிக்கும். செராமிக், பாலியெஸ்டர் வகைகளைத் தொட வேண்டியதில்லை. பழைய பழுப்பு நிறப் போர்டில் சால்டரிங் அயர்னை 3 விநாடிக்கு மேல் வைத்தால் செம்புப் பாதை உரிந்து வந்துவிடும். ஈயம் இளகவில்லை என்றால் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து இளக்கி, பிறகு உறிஞ்சுங்கள்.

ஜப்பான் செட்டுகளில் கண்டென்சரின் அடியில் பசை போட்டிருப்பார்கள். அது கண்டென்சர் கசிவு கிடையாது. ஆனால் வெளுப்பாக இருந்தது வயதாகிக் கரும்பழுப்பானால் பக்கத்துக் கால்களை அரிக்கும், கரண்டும் கடத்தும். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் அடிக்கடி அமுங்கிப்போகிறது. வால்யூமை ஏற்றினால் சட்டென்று வந்துவிடுகிறது. – பேட்டை வாசகர்

ஆன் பண்ணி மூன்று நான்கு விநாடியில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்த ஸ்பீக்கர் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கின்றன. கரண்ட் கூடும்போது அழுக்கைத் துளைத்துக்கொண்டு போகிறது, குறையும்போது நிற்கிறது. மூடி கழற்றக்கூடிய ரிலே என்றால் வெள்ளைத் தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து முனைகளுக்கு நடுவே வைத்து, மெல்ல அழுத்தி இழுங்கள். தாளில் கறுப்பு வராத வரை செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், பிறகு மாதம் ஒருமுறை இதே தொல்லை.

கேள்வி: ஆன் பண்ணும்போது ஸ்பீக்கரில் "டும்" என்று அடிக்கிறது. பயமாக இருக்கிறது. – திசையன்விளை வாசகர்

உங்கள் செட்டில் ஒரே ஒரு சப்ளைதான் இருக்கிறதா, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 2,200 மைக்ரோஃபாரட் மாதிரி ஒரு பெரிய கண்டென்சர் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அந்தக் கண்டென்சர் சார்ஜ் ஏறும் சத்தம் அது, இயல்புதான். இந்த வகையில் அவுட்புட்டின் நடுப்புள்ளி சப்ளையில் பாதி இருக்க வேண்டும். சப்ளை 44 என்றால் 22 வோல்ட். 35 அல்லது 8 என்று காட்டினால் பழுது. ப்ளஸ் மைனஸ் இரண்டு சப்ளை உள்ள செட்டில் பலமாக "டும்" அடித்தால் மட்டும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டிசி அளங்கள்.

கேள்வி: கடற்கரை வீடு. எந்த செட்டும் நிற்பதில்லை. – உவரி வாசகர்

உப்புக் காற்று முதலில் தின்பது சாக்கெட், சுவிட்ச், பியூஸ் கிளிப். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்பக்க வயர்களைப் பிடுங்கி, காண்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள். செட்டை தினம் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளே ஏறும் மிதமான சூடு ஈரத்தை வெளியேற்றும். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள்.

கேள்வி: பின்னால் ஐந்து ஓட்டை வட்ட சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது. செல்போனை எப்படி இணைப்பது? – வள்ளியூர் வாசகர்

அது டின் (DIN) சாக்கெட். டேப் என்று எழுதிய சாக்கெட்டை எடுங்கள். இசைத்தட்டுக்கான ஃபோனோ சாக்கெட்டில் போனைச் சொருகாதீர்கள். அது சில மில்லிவோல்ட் சிக்னலை எதிர்பார்த்து நூறு மடங்கு பெருக்கும், பாட்டு பிளந்து கேட்கும்.

ஐந்து பின்களில் நடுவில் இருப்பது 2, அது எர்த். வரிசை 1, 4, 2, 5, 3 என்று போகும், பிளக்கின் உள்ளே பின்னுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். செல்போன் ஜாக்கின் நுனி இடது, அதை 3க்கும், நடு வளையம் வலது, அதை 5க்கும், அடிப்பகுதியை 2க்கும் பற்றவையுங்கள். சத்தம் வராவிட்டால் பதிவுக்கான 1, 4 பக்கம் கோத்துவிட்டீர்கள், எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். போனின் சத்தத்தை முக்கால் வாசியில் வைத்து, மீதியை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றுங்கள்.